காப்பு கட்டிய ஊரில் முந்நூறு மீன்

தண்ணீரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு பல்கலைக்கழகம் முத்திரை குத்தி எழுதித் தந்திருக்கிறது. அந்தக் காகிதம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு இஸ்தோப்பில், முன் திண்ணையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதற்கு நேர் கீழேதான் அம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைப்பார். வைத்ததும் குடத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். பிறகு சட்டத்தைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். (சொல்லித் தொலைத்தால்கூடப் பரவாயில்லை.)

ஆகவே முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கையில் தண்ணீர் அளக்கும் மீட்டர் வந்துவிட்டால் மனிதர்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். நான் நிறுத்தியிருந்தேன். அதன் விளைவை அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டமே குடத்தில் மொண்டது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். நான் இன்னும் திருவிழாவுக்குப் போய்வர வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நீர்வாழ் உயிரின வளர்ப்பில் பட்டம் வாங்கிய கையோடு ஊருக்கு வந்திருந்தேன். அந்தப் படிப்பை எங்கள் தோட்டத்தில் விளக்குவது அந்தப் படிப்பைப் படிப்பதைவிடக் கஷ்டம்.

"அப்ப நீ மீன் டாக்டரா?" என்று கீழ் லயத்து லெச்சுமி அக்கா கேட்டார். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர். அவர் வாயில் விழுந்து எழுந்தவர்கள் தோட்டத்தில் யாரும் இல்லை.

"அப்படி இல்லக்கா. மீன் வளக்கிறது, தண்ணி நல்லா இருக்கான்னு பாக்கிறது..."

"சரி, மீனுக்குக் காய்ச்சல் வந்தா ஊசிய எங்கடி போடுவ?"

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருநாள் இவர்களுக்கு நான் யாரென்று காட்டுகிறேன் என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன். (காட்டினேன்.)

என் வேலை ஆறு மாதத் தற்காலிக வேலை. தோட்டங்களில் சும்மா கிடக்கும் தண்ணீர்த் தொட்டிகளில் ட்ரவுட் மீன் வளர்க்க முடியுமா என்று பார்க்கும் ஒரு சின்ன ஆராய்ச்சி. ட்ரவுட் என்பது வெள்ளைக்காரன் தூண்டில் போட்டு விளையாடுவதற்காகக் கொண்டுவந்து நம் மலை ஓடைகளில் விட்ட மீன். அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். அது சுத்தமாக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று குறைந்தால், மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாப்பிள்ளை அதோடு விடுவார், இது செத்துப்போகும்.

மீன் பிழைத்தால் எனக்கு மேற்படிப்புக்கு இடம். செத்தால் ஹட்டன் டவுனில் மாமாவின் கைபேசிக் கடையில், மூன்றாவது நாற்காலியில் இடம்.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பான மெடம் சிங்களவர். கண்டிப்பானவர். அவர் எனக்குச் சொல்லியிருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: "மீன் செத்தால் அது ஆராய்ச்சி. ஒரு குஞ்சாவது ஓடைக்குத் தப்பிப் போனால் அது குற்றம். உன் வேலை அன்றோடு முடிந்தது." நம் ஓடைகளில் விரல் நீளத்துக்கு இருக்கும் சின்ன மீன்களும் தவளைக் குஞ்சுகளும் இந்தப் பேராசைக்காரனுக்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அது எனக்கும் தெரியும். "ஒன்றுகூடப் போகாது, மெடம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

பட்டிப்பொலப் பக்கம் பண்ணை வைத்திருந்தவர் ஒரு செவ்வாய்க்கிழமை முந்நூறு குஞ்சு தருவதாகச் சொன்னார். மறுநாள் புதன் காலை பத்து மணிக்கு மெடம் வந்து பார்ப்பார். எல்லாம் சரி. ஒன்றுதான் இடித்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எங்கள் மாரியம்மன் கோயிலில் காப்பு கட்டிவிட்டார்கள்.

எங்கள் தோட்டத்தில் காப்பு கட்டினால், தேர் சுற்றி வந்து இறங்கும்வரை எந்த வீட்டிலும் கறி, மீன், முட்டை கிடையாது. சட்டி பானைகளைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவார்கள். நெத்தலிக் கருவாட்டின் டப்பாகூட வீட்டைவிட்டு வெளியே போய்விடும். போதாக்குறைக்கு அந்த வருடம் கரகம் எடுப்பவர் என் அப்பா. மஞ்சள் வேட்டியோடு கோயிலிலேயே தங்கி, ஒருவேளைச் சாப்பாட்டோடு, யாரிடமும் அதிகம் பேசாமல் விரதமிருந்தார். தேயிலை ஆலையான ஸ்டோரில் இருபது வருடம் தேயிலைத்தூளோடு வேலை செய்த மனிதர், அந்தப் பத்து நாட்களும் தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை.

நான் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அம்மா, செவ்வாக்கெழம மீன் வருதும்மா."

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "என்னாது?"

"மீன். முந்நூறு."

"ஒங்கப்பா கரகம் எடுக்குறாரு. இந்த வீட்டுல அந்தப் பேர எடுக்காத."

"திங்கிறதுக்கு இல்லம்மா. வளக்கிறதுக்கு."

"வளத்தா மட்டும் அது வேற ஒன்னா ஆயிருமா? தேர் எறங்குற வரைக்கும் அதப்பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது. எங்க வேணும்னாலும் கொண்டுபோயி வையி. தொட்ட கையோட உள்ள வராத, குளிச்சிட்டு வா."

எங்கே விடப்போகிறேன் என்றுகூட அம்மாவிடம் சொல்லவிடாத அந்தத் தடைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "நான் பேர எடுக்காதன்னேன், மூளைய எடுக்கச் சொன்னேனா?" என்பது அவர் வாதம்.)

செவ்வாய்க்கிழமை குஞ்சுகளைப் பட்டிப்பொலயிலிருந்து தலவாக்கலைவரை ரயிலில் கொண்டுவந்தேன். பாதி தண்ணீர், பாதி ஒட்சிசன் அடைத்த பெரிய பொலித்தீன் பைகள் மூன்று. இரண்டு காலடியில், ஒன்று மடியில். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர், என் மடியில் இருந்த பையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தூங்குதா?" என்று கேட்டார். "இல்லைங்க, முழிச்சிருக்கு" என்றேன். அதற்குமேல் அவர் என்னோடு பேசவில்லை. தலவாக்கலையிலிருந்து ஓட்டோ பிடித்து, மலைப் பாதை முடியும் இடம்வரை வந்து, அங்கிருந்து பைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து மேல்மலைக்கு ஏற்றினேன்.

இனி, நான் செய்த அந்தக் காரியம்.

தோட்டத்து ஒபிஸ் எனக்கு எழுதித் தந்த அனுமதியில் 'மேல்மலை பழைய தொட்டி' என்று இருந்தது. அந்தத் தொட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் வேறு நாலைந்து பேரும் அதைக் கழுவப் போவார்கள்; நானும் ஒட்டிக்கொண்டு போவேன். அதன் சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு மாசிச் சம்பலும் ரொட்டியும் தின்றிருக்கிறேன். கீழே மலை முழுக்கப் பச்சை. பனி வந்து லயத்துக் கூரைகளை ஒவ்வொன்றாக மூடும். "இதுதாம்மா நம்ம பீலிக் கொழாய்க்கு வர்ற தண்ணி. இதுல எச்சி துப்பக் கூடாது" என்று அப்பா சொன்னதுகூட நினைவிருந்தது.

அதே தொட்டியின் முன்னால் மீன் பையோடு நின்றபோது எனக்குப் பகீரென்றது. தண்ணீர் அசைவில்லாமல் பச்சையாக நின்றது. சருகு மூடிக் கிடந்தது. மீட்டரை இறக்கினேன். ஒட்சிசன் இரண்டுக்குக் கீழே. இதையா என் ஜனங்கள் குடிக்கிறார்கள்? இதற்குள்ளேயா மீன் விடச் சொல்கிறது ஒபிஸ்? குடிக்கிற தண்ணீரில் மீன் வளர்க்க அனுமதி தருபவர்கள் என்ன மனிதர்கள்!

சுற்றிப் பார்த்தேன். ஐம்பது அடி தள்ளி, புதருக்குள் இன்னொரு தொட்டி. பாசி பிடித்திருந்தது, ஆனால் உள்ளே ஊற்றுத் தண்ணீர் கண்ணாடிபோல ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரை இறக்கினேன். ஒட்சிசன் எட்டு. வெப்பம் பதினாறு. ட்ரவுட் சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அதற்கு இதுதான் முகவரி. இப்படி ஒரு தொட்டியை யாருக்கும் பயன்படாமல் போட்டு வைத்திருக்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் பழைய தொட்டியைக் கைவிட்டுப் புதிதாக ஒன்று கட்டி, லயங்களுக்கு அதிலிருந்து குழாய் இறக்கியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. மலையில் புதுத் தொட்டி பாசி பிடிக்க மூன்று மழைக்காலம் போதும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் குளித்தேன், குடித்தேன், தலைமுடி இங்கே வந்தால் பளபளப்பாகிறது என்று தோழிகளிடம் பீற்றினேன். எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கவில்லை. மொண்டு வந்து வைத்ததெல்லாம் அம்மாதானே.

முந்நூறு குஞ்சுகளையும் அந்தச் சொர்க்கத்தில் விட்டேன். தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போகும் வாயில் மூன்று மடிப்பு வலை கட்டினேன். ஒன்றுகூடத் தப்பாது, மெடம். தொட்டியின் அடியில், கல்லுக்குப் பின்னால் இரண்டங்குலக் குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டிருந்ததையும் அதன் வலை எப்போதோ உக்கிப் போயிருந்ததையும் நான் பார்க்கவில்லை.

இத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அன்று மாலையே தோட்டத்து மனேஜரான பெரியதொரைக்கு ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். 'இத்தோட்டத்தின் மகள் என்ற வகையில்' என்று ஆரம்பம். மனித உரிமை என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. கடைசி வரி இது: 'மக்களின் குடிநீரை மாசுபடுத்த என் மனச்சாட்சி இடம் தராததால், மீன்களை அருகிலுள்ள, எவருக்கும் பயன்படாத தொட்டியில் விட்டுள்ளேன்.' ஒபிஸ் கிளாக்கர் ஐயாவின் கையில் கொடுத்துவிட்டு, பீலியில் குளித்துவிட்டு, நீதியை நிலைநாட்டிய அசதியில் தூங்கிப்போனேன்.

விடிந்தும் விடியாத நேரம் அம்மா உலுக்கினார்.

"ஏய், எந்திரி. கொடத்துக்குள்ள அது."

"எது?"

"அதுதான்டி. அது!"

"எதும்மா?"

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. தடை போட்டவரே மீற முடியுமா? "பட்டிப்பொலயில இருந்து கொண்டாந்தியே, அது! வாலு இருக்கு, கண்ணு இருக்கு, என்னையே பாக்குது!"

குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். நான்கு ட்ரவுட் குஞ்சுகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. மிக ஆரோக்கியமாக.

அதற்குள் வெளியே பீலியடியில் சத்தம் கிளம்பிவிட்டது. "ஐயோ, எங்க வாளியில ஆறு!" "இங்க பாரு, அண்டாவுல!" "யாத்தே, சட்டியில ஊத்தி அடுப்புல வச்சிட்டேனே, எடு எடு எடு!" மேல் லயம், நடு லயம், கோயிலடி என்று மூன்று பீலிகளிலும் தண்ணீரோடு மீன் கொட்டியது. அடுத்த வீட்டுக்குக்கூடக் குரல் கேட்காத பெண்கள்கூட மலை எதிரொலிக்கக் கத்தினார்கள். காப்பு கட்டிய ஊரில், விளக்கு வைத்த வீடுகளுக்குள், பொழுது விடியும் நேரத்தில், வீட்டுக்கு நாலு மீன்.

எல்லாவற்றிலும் பெரியது கோயில் பீலியில் நடந்தது. அப்பா கண்ணை மூடி, அம்மனை நினைத்து, முதல் செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றியிருக்கிறார். ஊற்றியதில் ஒன்று அவருடைய குடுமியில் சிக்கிக்கொண்டது. ஆறு மாதமாகக் கரகத்துக்காக வளர்த்த முடி. மீன் அதில் துடிக்க, அருள் வந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அப்பா மெதுவாகக் கையை உயர்த்தி, அதை எடுத்துப் பார்த்து, காப்பு கட்டியதிலிருந்து காத்த மௌனத்தைக் கலைத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்.

"சுகந்தி."

(என் பெயர்.)

கோயில் முன்னால் கூட்டம் கூடியது. குடமும் வாளியுமாகப் பெண்கள். நடுவில் சின்னையா பூசாரி. எனக்கு எதிரே, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அப்பா. நான் வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த அந்த நொடியில்தானா கிளாக்கர் ஐயா வர வேண்டும்? அவர் கையில் என் கடிதம்.

"தங்கச்சி, நீங்க எழுதினதுல கடைசி வரி எனக்கு வெளங்கல" என்றார். அவருக்கு நன்றாக விளங்கியிருந்தது. கூட்டத்துக்குத் தமிழில் உரக்கச் சொன்னார்: "மக்கள் குடிக்கிற தண்ணிய அசிங்கப்படுத்த மனசு வராததால, யாருக்கும் பிரயோசனமில்லாத தொட்டியில மீன உட்டிருக்காங்களாம்."

லெச்சுமி அக்காதான் ஆரம்பித்தார். "அந்தப் பிரயோசனமில்லாத தொட்டித் தண்ணியிலதான்டி நேத்து நீ தலைக்குக் குளிச்ச." சிரிப்பு கோயில் கூரையைத் தூக்கியது. பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவும்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் குடங்களைப் பார்த்தேன். குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நின்ற தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்துகொண்டிருந்தது. மணி ஏழு. பத்து மணிக்கு மெடம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பூசாரி மாமா, என்னைய என்ன வேணும்னாலும் செய்ங்க. இதுகள மட்டும் காப்பாத்தணும். செத்துச்சின்னா என் படிப்பு போயிரும்."

"போன வாரம் வந்திருந்தா இந்நேரம் பொரிச்சிருப்பேன்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அதுதான் உண்மை. வேறு எந்த வாரமாக இருந்தாலும் என் ஆராய்ச்சி முழுவதும் காலைச் சாப்பாட்டோடு முடிந்திருக்கும்.

பூசாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா, உள்ளங்கைத் தண்ணீரில் இன்னும் அந்த ஒரு மீனை வைத்துக்கொண்டிருந்தார்.

"காப்பு கட்டுன ஊருல ஒரு உசுரு போகக் கூடாது" என்றார் பூசாரி. "அது தண்ணியில வந்தாலும் சரி, தலையில வந்தாலும் சரி. என்னா செய்யணும்னு பாப்பா சொல்லு."

தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். தேத்தண்ணி ஆற்றத் தெரிந்த ஊருக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு? நாற்பது பெண்கள் செம்பையும் ஜக்கையும் எடுத்து, குடத்துத் தண்ணீரை மொண்டு, கை எட்டும் உயரத்திலிருந்து குடத்துக்குள்ளேயே ஊற்றி ஊற்றி ஆற்றத் தொடங்கினார்கள். பெரட்டுக்கு ஆளைக் காணோமே என்று திட்டிக்கொண்டு வந்த, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, என்ன ஏதென்று கேட்டுவிட்டு, "அப்படி இல்ல, இன்னும் ஒசரத் தூக்கு" என்று தானும் ஒரு செம்பை வாங்கிக்கொண்டார்.

நிரந்தர ஏற்பாடு வேண்டுமே? லயத்துக்கு ஒரு நீலப் பீப்பாவைக் கழுவிப் பீலிக்கு நேரே வைத்தோம். தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், ஒட்சிசன் தானாக வரும். தண்ணீர் வழியும்போது மீன் தப்பாமல் வாய்க்குக் கொழுந்து அள்ளும் வலைச்சாக்கைக் கட்டினோம். மூன்று பீப்பா நிறைந்தும் குஞ்சுகள் மிஞ்சின. "எங்க லயத்துலயும் ஒன்னு வைக்கலாம்ல?" என்றார் லெச்சுமி அக்கா. கேலி பேசியவர்தான் முதலில் முன்னுக்கு வந்தார். கீழ் லயத்துக்கு அறுபது குஞ்சு கொண்டுபோனோம்.

"ஆனா ஒன்னுடி" என்றார் அக்கா, பீப்பாவைப் பிடித்துக்கொண்டு. "எங்க தண்ணி அப்பப்ப மருந்து வாசம் அடிக்கும். பரவாயில்லியா?"

நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பரவாயில்லக்கா. ஒட்சிசன் ஏழு இருக்கு."

இந்த வரியைத்தான் நான் யாரிடமும் வேடிக்கையாகச் சொல்வதில்லை.

பத்து மணிக்கு மெடம் வந்தார். தொட்டியைக் காட்டுவேன் என்று நினைத்து வந்தவரை லயம் லயமாகக் கூட்டிப்போனேன். அவர் ஒவ்வொரு பீப்பாவுக்குள்ளும் குனிந்து பார்த்தார். முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்தது. "ஒரே மீன், வெவ்வேறு பீலி, ஓடும் தண்ணீர். நான் எழுதிய திட்டத்தைவிட இது நல்ல திட்டம். யார் போட்டது?"

அவர் சிங்களத்தில்தான் கேட்டார். நானும் சிங்களத்தில்தான், "நான்தான் மெடம்" என்றேன்.

அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவு வராது. பொய் என்றால் எந்த மொழியிலும் பிடிபடும். "காப்பு கட்டியிருக்கு, ஒழுங்கா சொல்லுடி" என்றார் முதுகுக்குப் பின்னாலிருந்து.

சொன்னேன். தொட்டி, குழாய், குடம், அப்பாவின் குடுமி, எல்லாம். மெடம் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஓடைக்கு எத்தனை போனது?" என்றார் கடைசியில். எனக்குத் தெரியவில்லை. எண்ணத் தொடங்கினோம். எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் கீழேயிருந்து லெச்சுமி அக்காவின் குரல் வந்தது. அது கேலிக் குரல் இல்லை.

ஓடினோம். கீழ் லயத்துப் பீப்பாவில் குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரியப் புரண்டுகொண்டிருந்தன. அக்கா செம்பால் விடாமல் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நானும் அவங்கள மாதிரியே தான்டி ஆத்துறேன். எங்க பீப்பாவுல மட்டும் ஏன் சாகுது?"

மெடம் தண்ணீரைக் கையில் மொண்டு முகர்ந்தார். மீட்டரை இறக்கினேன். ஒட்சிசன் ஏழு. வெப்பம் பதினாறு. சொர்க்கம். மெடம் மீட்டரைப் பார்க்கவேயில்லை. "இந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று கேள்" என்றார். முதன்முறையாகக் கேட்டேன்.

மேலே இருந்து வந்த குழாய் மண்சரிவில் உடைந்து வெகுநாளாம். சொல்லிச் சொல்லிப் பார்த்து, யாரும் வராததால், லயத்து ஆட்களே மிச்சக் குழாயை வடிகால் கானில் செருகியிருந்தார்கள். அந்தக் கானில்தான் மேலே மருந்தடிப்பவர்கள் டாங்கியைக் கழுவுகிறார்கள். அன்று காலையும் கழுவியிருந்தார்கள்.

"இதத்தான் புள்ளைங்க குடிக்குது" என்றார் அக்கா.

அவருக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒரு எண்தான் இருந்தது.

அக்கா வீட்டுக்குள் போய்ச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்துவந்தார். செத்த மீன்களை அள்ளி அதில் வைத்தார். "அக்கா, காப்பு..." என்று யாரோ சொன்னார்கள். "அப்புறமா குளிச்சுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே ஒபிஸை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால் கீழ் லயமே நடந்தது. பிறகு மேல் லயம். பிறகு கையில் செம்போடு கண்டாக்கையாவும்.

பெரியதொரையின் மேசையில் கிளாக்கர் ஐயா கொண்டுவந்து வைத்த என் கடிதம் விரித்துக் கிடந்தது. அக்கா தட்டை அதன்மேல் வைத்தார். தொரை மீனைப் பார்த்தார், தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வரிகளைப் பார்த்தார். பழைய தொட்டியைப் பற்றி நான் எழுதியது முழுக்கப் பிழை. கீழ் லயத்துக்கு எழுதியது என்று வாசித்தால் ஒரு சொல்கூட மாற்ற வேண்டியதில்லை.

"இந்தத் தண்ணியையா நீங்க குடிக்கிறீங்க?" என்றார் தொரை.

"நாங்க குடிக்கிறோம் ஐயா" என்றார் லெச்சுமி அக்கா. "அது குடிக்கல."

அன்று மாலையே ஸ்டோர் லொறியில் குழாய் வந்து இறங்கியது. குழாய் பதிக்கக் கான் வெட்டியது லயத்து ஆட்கள்தான், திருவிழா வேலைகளுக்கு நடுவில். தேர் இறங்குவதற்கு முதல்நாள் கீழ் லயத்துப் பீலியில் மேல்மலைத் தண்ணீர் விழுந்தது. கரகத்தோடு வந்த அப்பா வழக்கமான பாதையை விட்டுக் கீழ் லயத்துக்கு இறங்கி, அந்தப் பீலியின் முன்னால் ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் மேலே ஏறினார். என்னைக் கடந்தபோது தலையைக் கொஞ்சம் சாய்த்துக் குடுமியைத் தொட்டுக் காட்டினார். மன்னிப்பா, எச்சரிக்கையா என்று இன்றுவரை தெரியாது.

ஓடையில் இரண்டு நாள் வலை போட்டுப் பார்த்தோம். ஒரு ட்ரவுட்கூட அகப்படவில்லை. பிழைத்த குஞ்சுகள் பட்டிப்பொலக்கே திரும்பிப் போயின. மெடம் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. மீட்டரை மட்டும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஒரு மாதத்துக்கு இது உனக்குக் கிடையாது. வீடு வீடாகப் போ. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படி மணக்கிறது என்று ஆட்களிடம் கேட்டு எழுது." எழுதினேன். அதுவே என் மேற்படிப்பானது. அந்தச் சட்டத்துக்குள் தொங்கும் காகிதத்துக்குப் பக்கத்தில் இப்போது இன்னொன்றும் தொங்குகிறது. அம்மா அதையும் பார்த்துவிட்டுத்தான் குடத்தைப் பார்க்கிறார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கீழ் லயத்தார் பீப்பாவை எடுக்கவில்லை. ஓடையில் பிடித்த நம்மூர்ச் சின்ன மீன் ஒன்றை அதில் விட்டு, பீலிக்குக் கீழேயே வைத்துவிட்டார்கள். காலையில் முதலில் தண்ணீருக்கு வருபவர் அது நீந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் குடத்தை வைப்பார். அந்த மீனுக்கு லெச்சுமி அக்கா ஒரு பெயரும் வைத்தார். நீங்கள் ஊகித்திருப்பீர்கள். இப்போது இருப்பது நான்காவது சுகந்தி.

விடியற்காலையில் லயத்துக்கு லயம் கத்துவார்கள். "சுகந்தி எப்புடி?" "நீந்துறா!" "கொஞ்சம் மெலிஞ்சிருக்கா!" "நேத்து கொஞ்சம் ரொட்டி போட்டேன், திமிரு, தொடல!" புதிதாகத் தோட்டத்துக்குக் கல்யாணமாகி வந்த பெண்ணொருத்தி, பெரிய குடும்பத்துப் பிள்ளை யாரோ நோயில் கிடக்கிறாள்போல என்று ஒரு வாரம் கவலைப்பட்டாளாம்.

நான் இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். அம்மா காலையில் ஆறரைக்கு அழைப்பார். நான் ஹலோ சொல்வதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் பீலி விழும் சத்தமும் குடங்கள் மோதும் சத்தமும் கேட்கும். கீழ் லயத்திலிருந்து தகவல் வந்துசேரும்வரை அம்மா பேசமாட்டார். பிறகு நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுச் சொல்வார்:

"சுகந்தி நல்லாத்தான் இருக்காளாம். நீ எப்புடி இருக்க?"